பானை யார் பக்கம்?

ராஜபாளையம்
12.6.2025

தம்பி அழகுராஜாவுக்கு,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. நலமா என்றும் கேட்க மாட்டேன். உன் பெண்டாட்டி மாரிக்கனி தினமும் காலை பத்து மணிக்குப் போனில் உன் நலத்தைச் சொல்லிவிடுகிறாள். ரத்தக் கொதிப்பு மாத்திரையை டாக்டர் மாற்றிக் கொடுத்தது வரைக்கும் எனக்குத் தெரியும். சத்தியம் செய்தது நீயும் நானும்தான், அவள் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சுந்தரபாண்டியத்தில் அப்பா விட்டுப்போன நிலத்தில், போன திங்கட்கிழமை நீ ஜேசிபி விட்டுப் பண்ணைக்குட்டை தோண்டினாயாம். நம் இரண்டு பேர் நிலத்துக்கும் நடுவில் இருக்கிற வரப்புக் கல்லையும் சேர்த்துச் சாய்த்தாயாம். அங்கே ஒரு மண்பானை வந்ததாம். பானை நிறையக் காசாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் தெப்பக்குளத்து மீனுக்குக்கூடத் தெரிந்துவிட்டது. பாதி நிலத்துக்குச் சொந்தக்காரி, பதினோரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறேன், எனக்கு நீ சொல்லவில்லை.

நான் பங்கு கேட்டபோது "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு நெலம்?" என்று கேட்டவன் நீ. சட்டம் கொடுக்கச் சொன்னது, கொடுத்தாய். பிரித்த அன்றைக்கு அந்தக் கல்லின் மேலேயே சூடம் ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்து, "இனி ஒன்னோட ஒரு வார்த்த பேசுனா என் வாய் கோணிப் போகட்டும்" என்றாய். நான் மட்டும் சளைத்தவளா? நானும் ஒரு சூடத்தை அணைத்தேன். பூசாரி பால்ச்சாமி பொறவு தீர்ப்புச் சொன்னார்: போன் வாய்க்குச் சமம், வாட்ஸ்ஆப்பும் வாய்க்குச் சமம், காகிதம் மட்டும் கைக்குச் சமம். அதனால்தான் பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்துக்குத் தபால் தலை ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

பானையில் என் பங்கு என்ன என்று எழுது.

பொன்மணிக்கு ஆவணி பத்தொன்பதில் கல்யாணம். இதை உன்னை அழைப்பதற்காகச் சொல்லவில்லை. மேடையில் தாய்மாமன் இடத்தில் யார் நிற்பது என்று உன் அத்தான் கேட்டார். பெரியப்பா மகன் விக்னேஷ்வரன் நிற்பான் என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளத்தாய்


மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்
17.6.2025

பெறுநர்: திருமதி வெள்ளத்தாய் அவர்கள்
பொருள்: பண்ணைக்குட்டையில் கிடைத்த பானை தொடர்பாக

தாங்கள் 12.6.2025 தேதியிட்டு எழுதிய கடிதம் கிடைக்கப் பெற்றேன். பதில் வருமாறு.

ஒன்று. பானை கிடைத்த இடம், வரப்புக் கல்லுக்கு வடக்கே சரியாக நான்கு அடி. அதாவது என் நிலம். பதினேழு வருஷம் பட்டாளத்தில் எல்லையில் நின்றவன் நான். எல்லை என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இரண்டு. ஊர் சொல்கிறபடி அதில் தங்கம் இல்லை. எல்லாம் செம்புக் காசு. சின்னச் சின்னதாக, பச்சைக் களிம்பு ஏறி, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. பானை இப்போது என் பட்டாளத்து டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

நான்கு. என் மாத்திரை விவரம் வெளியே போனது குறித்து மாரிக்கனியிடம் விசாரணை நடந்தது. "அவிய எனக்கு நாத்தனாரு, நான் பேசத்தான் செய்வேன்" என்று பதில் வந்தது. விசாரணை முடிக்கப்பட்டது.

மூன்றாவதை விட்டுவிட்டேன். அது விக்னேஷ்வரன் பற்றியது. என் கல்யாணத்தில் ஒரே பந்தியில் இரண்டு இலை போட்டு உட்கார்ந்தவன் அவன். பொன்மணிக்குக் காது குத்தும்போது அவளை மடியில் வைத்திருந்தது நான். அவள் கடித்த தழும்பு என் இடது கையில் இன்னும் இருக்கிறது. இருந்தாலும் அவனே நிற்கட்டும். எனக்கென்ன.

இப்படிக்கு,
ஹவில்தார் (ஓய்வு) அழகுராஜா


ராஜபாளையம்
21.6.2025

தம்பிக்கு,

'தாங்கள்' என்று எழுதியிருக்கிறாய். உன் அத்தான் அதைப் படித்துவிட்டு, "யாரு, பேங்க்ல இருந்தா?" என்று கேட்டார்.

கல்லைச் சாய்த்துவிட்டு, அப்புறம் கல்லுக்கு வடக்கே நான்கு அடி என்று அளந்தாயாக்கும்? கீழே விழுந்து கிடக்கிற கல்லின் தலையில் இருந்து அளந்தாயா, காலில் இருந்து அளந்தாயா? பானை என் பக்கம்தான் இருந்தது. முழுப் பானையும் எனக்குத்தான்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை முழுக்க நீ வாசலில் உட்கார்ந்து அரைக் கிலோ புளியைக் கரைத்து நாற்பது காசைத் தேய்த்தாயாம், உள்ளே தங்கம் இருக்கிறதா என்று பார்க்க. மாரிக்கனி புளி இல்லாமல் ரசம்கூட வைக்கவில்லையாம். செம்பைத் தேய்த்தால் செம்புதான் வரும். பட்டாளத்தில் இதைச் சொல்லித் தரவில்லையா?

நீ வழிக்கு வரமாட்டாய் என்று தெரியும். அதனால் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீசுக்கு ஒரு மனு எழுதிப் போட்டுவிட்டேன். இனி சர்க்கார் வந்து சொல்லட்டும், பானை யார் பக்கம் என்று.

வெள்ளத்தாய்


மடவார் வளாகம்
3.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் பொன்மணியும் நலமா? நாங்கள் நலம். இங்கே நல்ல காற்று. ராஜபாளையத்திலும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

உன் மனு வேலை செய்தது. போன வாரம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., இரண்டு போலீஸ்காரர்கள், தொல்லியல் துறையில் இருந்து ஹஃபீஸா என்று ஒரு அதிகாரி, எல்லோரும் ஒரே ஜீப்பில் வந்து இறங்கினார்கள். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பளபளவென்று இருந்த நாற்பது காசைப் பார்த்ததும் அவள் முகம் அப்படியே மாறிப்போனது. "இத யார் தேய்ச்சா?" என்று கேட்டாள். நான் மாரிக்கனியைப் பார்த்தேன். மாரிக்கனி என்னைப் பார்த்தாள். "எழுநூறு வருஷமா அந்தக் களிம்புதான் சார் அந்தக் காசக் காப்பாத்துச்சு. அத நீங்க ஒரே நாள்ல புளியப் போட்டு எடுத்துட்டீங்க" என்றாள். என் சுபேதார்கூட என்னை அப்படி நிற்க வைத்ததில்லை.

பானையை எடுத்துப் போய்விட்டார்கள். வரப்புக் கல்லையும் விடவில்லை. மண்ணுக்குள் புதைந்திருந்த பக்கத்தைக் கழுவினால் ஒரு மீனும் ஏதோ எழுத்தும் இருக்கிறது. அப்பா அதை எங்கேயிருந்து கொண்டுவந்து நட்டாரோ. கல் இப்போது தாலுகா ஆபீசில் இருக்கிறது.

பானை இருந்த நிலத்தைச் சுற்றிக் கயிறு கட்டி முறையாகத் தோண்டிப் பார்க்கப் போகிறார்களாம். தை மாதம் வரைக்கும் அந்த நிலத்தில் ஏர் வைக்கக் கூடாதாம். ஆடிப் பட்டம் வருகிறது.

அதனால் நானும் உட்கார்ந்து நன்றாக யோசித்துப் பார்த்தேன். நான்கு அடி தெற்கே என்று எழுதுவதற்குப் பதிலாக வடக்கே என்று எழுதிவிட்டேன் போலிருக்கிறது. பானை உன் நிலத்தில்தான் இருந்தது அக்கா. முழுவதும் உனக்கே. உடன்பிறந்தவளுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் நான் என்ன தம்பி?

அன்புத் தம்பி,
அழகு


ராஜபாளையம்
8.7.2025

தம்பிக்கு,

உன் அன்பைப் பார்த்து எனக்கு மயக்கமே வந்துவிட்டது. பதினேழு வருஷம் எல்லையில் நின்றவன் வடக்கையும் தெற்கையும் மாற்றிப் போடுகிறாய். நல்லவேளை, அங்கே ஒன்றும் ஆகவில்லை.

பானை எனக்கு வேண்டாம். நானும் நன்றாக யோசித்தேன். அது உன் பக்கம்தான் இருந்தது. மக்காச்சோள விதை மூன்று பை வாங்கி அடுக்கி வைத்திருக்கிறேன். என் நிலத்தில் கயிறு கட்டினால் அதை நான் மொட்டை மாடியிலா விதைப்பேன்?

கையெழுத்து வாங்க ஹஃபீஸா நேற்று இங்கே வந்தாள். நல்ல பிள்ளை. காபி குடித்துக்கொண்டே அந்தக் காசின் கதையைச் சொன்னாள். மதுரைச் சிம்மாசனத்துக்குப் பாண்டியர் வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேர் அடித்துக்கொண்ட காலமாம். இன்றைக்கு ஒருத்தன் படை வருமாம், நாளைக்கு மற்றவன் படை வருமாம். நம் பானையில் பாதிக் காசு அண்ணன் பேரில், பாதிக் காசு தம்பி பேரில். எந்தப் படை வந்து வரி கேட்டாலும் அந்தப் படையின் காசை எடுத்து நீட்டுவதற்காக யாரோ சேர்த்து வைத்திருக்கலாம் என்றாள். "கெட்டிக்காரனா இருந்திருப்பான்" என்றார் உன் அத்தான். நான் சொன்னேன், அது ஆண்பிள்ளை இல்லை, பெண்பிள்ளை என்று. இரண்டு பக்கமும் நல்லவளாக இருந்து பிழைப்பது உன் வீட்டு மாரிக்கனி மாதிரி ஒருத்திக்குத்தான் வரும்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். ஹஃபீஸா போன பிறகு ரொம்ப நேரம் கஷ்டமாக இருந்தது. சண்டை முடிந்ததும் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றுதானே அவள் புதைத்திருப்பாள்? வரவே இல்லையே. எழுநூறு வருஷம் அப்படியே கிடந்திருக்கிறதே தம்பி.

பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்திருக்கிறேன். தாய்மாமன் பெயர் வருகிற இடத்தை மட்டும் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன். விக்னேஷ்வரனுடைய இனிஷியல் மறந்துபோய்விட்டது. அதற்காகத்தான்.

வெள்ளத்தாய்


மடவார் வளாகம்
14.7.2025

அக்காவுக்கு,

விக்னேஷ்வரனுக்கு இனிஷியல் 'சு'. பெரியப்பா பெயர் சுப்பையா. நீ மறந்திருக்க மாட்டாய்.

22ஆம் தேதி சர்வேயர் வந்து சர்க்கார் நில வரைபடத்தை வைத்து அளக்கப் போகிறார். அவர் வாயால் உனக்குத் தெரிவதைவிட என் கையால் தெரிவது மேல். அதனால் எழுதுகிறேன். மனதைத் திடப்படுத்திக்கொண்டு படி.

நிலம் பிரித்த வருஷம், ஆடித் தேர் அன்றைக்கு, சுந்தரபாண்டியமே தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்திருந்தபோது, நான் இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு எதிர்த் திசையில் போனேன். வரப்புக் கல்லைப் பிடுங்கி உன் பக்கம் இரண்டு எட்டுத் தள்ளி நட்டேன். வரப்பையும் வெட்டிச் சரிசெய்தேன். அந்த இரண்டு எட்டு நிலத்தில் ஒன்றுமே இல்லை. கோரைதான் முளைக்கிறது. கோபத்தில் செய்தேன். ஒவ்வொரு தடவை அங்கே போகும்போதும் அப்பா நின்று பார்க்கிற மாதிரி இருக்கும். கல் பக்கம் திரும்பாமலே நடந்து போவேன்.

நான்கு அடி வடக்கே, தெற்கே என்று எழுதியதெல்லாம் பொய். பானை கல்லடியில்தான் இருந்தது என்றாலும், கல்லை நகர்த்தியதால் அந்த இடம் உன் நிலம். கயிறு உன் நிலத்தில்தான் விழும். விதைப் பைக்கு நான் பொறுப்பு. மூன்றையும் நானே எடுத்துக்கொள்கிறேன். நீ என்ன வேண்டுமானாலும் திட்டி எழுது. ஆனால் எழுதாமல் இருந்துவிடாதே.

அழகு


ராஜபாளையம்
18.7.2025

தம்பி அழகு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை பற்களைக் கடித்துக்கொண்டு படித்தேன். இரண்டாவது தடவை சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

கல் நகர்ந்தது எனக்கு அந்த மாதமே தெரியும். புரட்டாசியில் நீ பட்டாளத்து நண்பர்களைப் பார்க்க ஜபல்பூர் போனாய் அல்லவா? அந்த வாரம் உன் அத்தானைக் கூட்டிக்கொண்டு போய், கல்லைப் பிடுங்கி, பழையபடி இரண்டு எட்டு வடக்கே தள்ளி நட்டு, வரப்பையும் சரிசெய்துவிட்டேன். ஊர் திரும்பி வந்து நீ கண்டுபிடிப்பாய், குதிப்பாய் என்று ஒரு மாதம் காத்திருந்தேன். கல் பக்கம் திரும்பாமலே நடந்தாய் என்று இப்போதுதானே தெரிகிறது!

கல் தூக்கியதில் உன் அத்தானுக்கு இடுப்புப் பிடித்து ஒரு வாரம் படுக்கை. குளியலறையில் வழுக்கிவிட்டது என்று மாரிக்கனியிடம் சொன்னோம். அதைக் கேட்டு நீ தைல பாட்டிலும் சத்துமாவு டப்பாவும் கொடுத்து அனுப்பினாய். அனுப்பியது நீ என்று சொல்லக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினாய். உன் அத்தான் அந்தக் கஞ்சியைக் குடித்துவிட்டு, "ஏட்டி, இவன்கிட்டப் போயா சண்ட போடுத?" என்று கேட்டார்.

அதனால் சர்வேயர் எப்படி அளந்தாலும் கல் அப்பா வைத்த இடத்தில்தான் இருந்திருக்கும்.

சத்தியத்தை எடுப்பதற்கு வழி உண்டா என்று பால்ச்சாமியிடம் கேட்டேன். பொன்மணிக்காகக் கேட்டேன், எனக்காக இல்லை. மாமன் வராவிட்டால் மாலை போட்டுக்கொள்ள மாட்டேன் என்று அவள் ஒரு பக்கம் நிற்கிறாள். வழி இருக்கிறதாம். அணைத்த அதே கல்லின் மேல், அணைத்த அதே இரண்டு பேர், மறுபடியும் சூடம் ஏற்றி, அது தானாக எரிந்து அடங்குகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதற்கு முன்னால் ஒருவர் வாய் திறந்தாலும் சாமி குத்தம்.

கல்லோ தாலுகா ஆபீசில் இருக்கிறது. 29ஆம் தேதி சர்வேக் காகிதத்தில் கையெழுத்துப் போட நாம் இரண்டு பேரும் அங்கே போயாக வேண்டும். சூடம் நான் கொண்டுவருகிறேன். தீப்பெட்டி நீ கொண்டு வா. நடுவில் பேச உன் கூட்டாளி நைனா முகமது பாயைக் கூட்டி வா. அவர் கடையை அரை நாள் மூடினால் ஒன்றும் ஆகிவிடாது.

வெள்ளத்தாய் அக்கா


மடவார் வளாகம்
30.7.2025

அக்காவுக்கு,

நேற்று நடந்ததைப் பற்றி என் தரப்பை உடனே எழுத வேண்டியிருக்கிறது.

கோடு பானைக் குழிக்கு நட்டநடுவில் போகிறது என்று சர்வேயர் சொன்னதையும், அதனால் உன் நிலம், என் நிலம் இரண்டிலும் கயிறு கட்டிவிட்டார்கள் என்பதையும் நைனா பாய் நேற்று உனக்குச் சொல்லிவிட்டார். அந்த வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. நீ ஒரு நாற்காலியில், நான் ஒரு நாற்காலியில், நடுவில் பாய். "பாய், அவன் ஏன் எளச்சுப் போயிருக்கான்னு கேளுங்க" என்றாய். "பாய், புளி இல்லாத சாப்பாடுன்னு சொல்லுங்க" என்றேன். பாய் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்துச் சுளுக்கிக்கொண்டார்.

நீ பையில் இருந்து சூடத்தை எடுத்ததும்தான் வினை. கிளார்க் ஓடி வந்து, "எம்மா, இது ரெக்கார்டு ரூம்மா! இங்க தீப்பிடிச்சா இந்தத் தாலுகாவுல எவனுக்கும் நெலமே இருக்காது!" என்று கத்தினார். ஹஃபீஸாவோ கல்லின் மேல் கரி படக் கூடாது என்று குறுக்கே நின்றுவிட்டாள். ஏற்கெனவே புளி விஷயத்தில் அவளிடம் எனக்கு நல்ல பெயர் இல்லை.

நீ சூடத்தைப் பையில் போட்டுக்கொண்டு விருட்டென்று திரும்பினாய். முகம் வாடியிருந்தது. கீழே கிடந்த கல்லை நீ பார்க்கவில்லை. கால் தட்டி, நேராக இரும்பு அலமாரியின் மேல் சாய்ந்தாய். நான் "ஏ அக்கா, பாத்து!" என்று கத்திக்கொண்டே உன் கையைப் பிடித்துவிட்டேன்.

இதைத்தான் விளக்க வேண்டும். அது பேச்சு இல்லை, கத்தல். பட்டாளத்தில் விறைத்து நிற்கச் சொல்லி 'சாவ்தான்' என்று கத்தினால் அதைப் பேச்சு என்று யாரும் சொல்வதில்லை. இருந்தாலும் மனது கேட்கவில்லை. நேற்றில் இருந்து மணிக்கு ஒரு தடவை கண்ணாடியில் வாயைப் பார்க்கிறேன். இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறதோ என்று சந்தேகம். பாய் நேராகத்தான் இருக்கிறது என்கிறார். ஆனால் அவர் யாரிடமும் கெட்ட சேதி சொல்லாத மனுஷர். சாமிக்குப் பயந்தவன் என்று என்னைக் கேலி செய்யாதே.

அதைவிட வேறொன்று உறுத்துகிறது. நான் கூப்பிட்டதும் நீ என் முகத்தைப் பார்த்தாய். கையை உருவிக்கொண்டாய். ஒன்றுமே சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டாய். கோபமா? நான் சத்தியத்தை உடைத்ததால் பொன்மணிக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நினைக்கிறாயா? அப்படியென்றால் நான் மேடைக்கு வரவில்லை. மண்டபத்துக்கு எதிரே டீக்கடையில் நின்று பார்த்துவிட்டுப் போகிறேன். விக்னேஷ்வரனே நிற்கட்டும். இனிஷியல் 'சு'.

அழகு


ராஜபாளையம்
3.8.2025

அன்புள்ள தம்பி அழகுக்கு,

நான் ஒன்றும் சொல்லாமல் போனதற்குக் காரணம் கோபம் இல்லை. வாயைத் திறந்திருந்தால் அந்தக் கிளார்க் முன்னால் ஓவென்று அழுதிருப்பேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ராஜபாளையம் வருகிற வரைக்கும் அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மா, "யாரும் தவறிட்டாங்களா?" என்று கேட்டாள். இல்லை, என் தம்பி பேசிவிட்டான் என்றேன். அவள் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டாள்.

அது கத்தல் இல்லை அழகு. பேச்சுதான். இரண்டரை வருஷம் கழித்து உன் வாயால் 'அக்கா' என்று கேட்டிருக்கிறேன். அதைக் கத்தல் என்று சொல்லித் திரும்ப வாங்கிக்கொள்ள நான் விடமாட்டேன்.

சாமி குத்தத்துக்கு என்ன செய்வது என்று மூன்று நாள் யோசித்தேன். இன்றைக்கு ஆடிப் பெருக்கு. பிளவக்கல் பஸ்ஸைப் பிடித்துக் காலையிலேயே வயலுக்குப் போனேன். கயிற்றுக்கு வெளியே நின்று, கல் இருந்த குழியைப் பார்த்து, என் தொண்டை எம்புட்டுக்கு ஏறுமோ அம்புட்டுக்குச் சத்தம் போட்டு, "ஏலே அழகு! வந்து தொலைலே!" என்று மூன்று தடவை கூப்பிட்டேன். காவலுக்கு இருந்த ஆள் பயந்து எழுந்துவிட்டான். சத்தியத்தை நானும் உடைத்துவிட்டேன். இனி குத்தம் உனக்குப் பாதி, எனக்குப் பாதி. அப்பாவின் நிலத்தை நாம் பிரித்த மாதிரி. சாமி கோண வைப்பதென்றால் இரண்டு வாயையும் சேர்த்துக் கோண வைக்கட்டும், ஜோடியாகப் போட்டோவில் நிற்போம்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தேன். என் வாய் நேராகத்தான் இருக்கிறது. உன் வாய் பிறந்ததில் இருந்தே இடது பக்கம் கொஞ்சம் இறக்கம்தான். மாரிக்கனிக்கு அது தெரிந்தும்தான் உன்னைக் கட்டிக்கொண்டாள். கண்ணாடியை ஆணியில் மாட்டிவிட்டு வேலையைப் பார்.

பத்திரிகை இதோடு வைத்திருக்கிறேன். காலியாக விட்ட இடத்தில் உன் பெயர் இருக்கிறது. 'ஹவில்தார்' என்பதை அச்சகத்துக்காரர் விட்டுவிட்டார், அதற்காக ஒரு சண்டை ஆரம்பிக்காதே. விக்னேஷ்வரனுக்குப் பந்தியில் இரண்டு இலை சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேர மூன்று நாள் ஆகும். அதுவரைக்கும் என்னால் பொறுத்திருக்க ஏலாது. இதைத் தபால் பெட்டியில் போட்ட கையோடு போன் பண்ணப் போகிறேன்.

எடுலே.

உன் அக்கா